கூடாரத்தில் ஆள் இல்லை

மண்ணைத் தோண்டிப் பழங்காலத்தைத் தேடுகிறவர்கள் மத்தியில் ஒரு கேலி உண்டு. காடு மேடெல்லாம் தோண்டியும் கிடைக்காத ஒன்று, தோண்டிய மண்ணைக் கொட்டி வைத்த இடத்துக்கு அடியில்தான் இருக்குமாம். இல்லாவிட்டால் கூடாரம் அடித்த இடத்துக்கு அடியில் இருக்குமாம். ஆகவே மண் கொட்டுவதற்கும் கூடாரம் அடிப்பதற்கும் முன்னால் அந்த இடத்தை முதலில் சோதித்துவிட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான். இதை வருஷா வருஷம் சிரிக்கச் சிரிக்க நடத்துகிறவள் ஒருத்தி இருக்கிறாள். இந்தக் கதை அவளுக்கு நேர்ந்தது.

குவாரியில் எல்லோரும் அவளை மண்ணக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா என்பது அவள் தம்பி அங்கே வேலை செய்வதால் வந்தது. மண் என்பது அவள் யாரோடு பேசினாலும் கண் மட்டும் தரையிலேயே இருப்பதால் வந்தது. அவள் வேலை, குவாரியை விரிவாக்கப் போகும் நிலத்தில் பழங்காலத்து ஆட்கள் விட்டுப் போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. இருந்தால் அந்த நிலத்தில் வெடி வைக்க முடியாது. இல்லையென்றால் வைக்கலாம். கேட்பதற்கு ரொம்பச் சுலபமான வேலையாகத்தான் தெரியும்.

பழைய பள்ளத்தில் சுண்ணாம்புக்கல் தீர்ந்துகொண்டிருந்தது. புது நிலம் கிடைக்காவிட்டால் குவாரியை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் தம்பிக்கு வேறு தொழில் தெரியாது. வெடி வைப்பதற்கு முன்னால் சைரன் ஊதுவது அவன் வேலை, அதனால் அவனுக்குச் சங்கு என்று பெயர். சொந்தத் தம்பியின் பிழைப்பு இருக்கும் இடத்தில் தன்னால் ஆய்வு செய்ய முடியாது என்று அவள் அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தாள். "அந்த ஊர்ல யாருக்குத்தான் குவாரியில சொந்தக்காரன் இல்ல? நீங்களே போங்க, உங்களுக்குத்தான் அந்த மண்ணு தெரியும்" என்று மேலதிகாரி கையைக் கழுவிவிட்டார்.

தம்பி வீட்டில்தான் தங்கினாள். முதல் நாள் சாப்பாட்டின்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "நல்லாப் பாருடி, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணுமில்லாத இடத்துல எதையாவது இருக்குன்னு சொல்லி உன் தம்பி வயித்துல அடிச்சிடாத."

"இருந்தா இருக்குன்னுதாம்மா சொல்லணும்."

"இருந்தா சொல்லு. இல்லாததக் கிளறாதன்னுதான் சொல்றேன்."

தம்பியின் மகள் ஆடுகிற முன்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டே இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை, என் பல்லு விழுந்தா அதையும் மண்ணுல போட்டு நீங்க தோண்டுவீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பேச்சும் அதோடு போனது.

வேலை தொடங்கிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை. அளவெடுக்கும் கருவிகள் பெட்டியோடு வெளியே இருந்தன, நனைந்தால் தொலைந்தது. சரிவு முழுக்கக் கல்லும் முள்ளும். அந்தச் சரிவின் நடுவே ஒரே ஒரு துண்டு நிலம் மட்டும் பாய் விரித்தாற்போல் சமமாக இருந்தது. பின்னால் ஒரு பாறை, காற்றை மறைத்துக்கொண்டது. தண்ணீரும் அங்கே தேங்கவில்லை. "இன்னைக்கு மட்டும் இங்க அடிப்போம், நாளைக்கு மாத்திக்கலாம்" என்று அவள்தான் சொன்னாள்.

கூடாரத்தின் ஒரு மூலையில் கயிறு கட்டும் இரும்பு முளை மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கீழே ஏதோ கல் தட்டியது. சங்கு சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் முளையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, அவன் ஓங்கி ஒரு போடு போட்டான். கல்லின் விளிம்பில் வழுக்கிக்கொண்டு முளை சரக்கென்று உள்ளே இறங்கியது. "குவாரிக்காரன் அடின்னா அடிதான்" என்று அவன் மார்தட்டிக்கொண்டான். "கையை உடைக்காம விட்டியே, அதுவே பெரிசு" என்றாள் அவள்.

மறுநாள் வெயில் அடித்தது. கூடாரத்தை மாற்றவில்லை. அடுத்த நாளும் மாற்றவில்லை. மேஜை போட்டாயிற்று, நாற்காலி போட்டாயிற்று, தண்ணீர்க் குடம் வைத்தாயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "சரியான இடமாப் பார்த்துப் போட்டிருக்கீங்க" என்றார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். சரிவில் அந்த ஒரு துண்டு மட்டும் ஏன் சமமாக இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியது அவளுக்கு, அவளுக்கே தோன்றவில்லை.

மற்றபடி வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. தம்பிக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருத்தரும் விரல் நீட்டக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள். கேட்டதற்கு மேல் சோதனைக் குழிகள் போட்டாள். ஒவ்வொன்றையும் கன்னி மண் வரைக்கும் இறக்கினாள். மனிதக் கை படவே படாத மண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அதற்குக் கீழே தேடுவதற்கு ஒன்றுமில்லை. எடுத்த மண்ணையெல்லாம் சல்லடையில் சலித்தாள். கிடைத்தது என்ன? உடைந்த பாட்டில், செருப்பின் அடிப்பாகம், துருப்பிடித்த துளைக் கம்பி, ஏதோ ஆட்டின் கடைவாய்ப்பல். அந்தச் செருப்பு தன்னுடையது என்று சங்கு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். உள்ளூர அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

தினமும் மதியம் பழைய பள்ளத்தில் வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் மேனேஜர் வாக்கி டாக்கியில் ஒவ்வொரு இடமாகக் கூப்பிடுவார். அவர் எதற்கும் சரி சரி என்று இரண்டு தடவை சொல்லுவார், அதனால் தொழிலாளர்கள் அவரைச் சரிசரி என்றே சொன்னார்கள். "கிழக்கு முனை?" என்பார். "ஆள் இல்லை" என்று பதில் வரும். "கிரஷர்?" கல் உடைக்கும் இடத்திலிருந்தும் "ஆள் இல்லை." "கூடாரம்?" அதற்குள் அவள் தன் ஆட்களோடு கான்கிரீட் பதுங்கு அறைக்குப் போயிருப்பாள். பொத்தானை அழுத்தி "கூடாரத்தில் ஆள் இல்லை" என்பாள். "சரி சரி" என்பார் அவர். கடைசியாகச் சங்கு மேட்டிலிருந்து ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டுச் சைரன் ஊதுவான். அவன் ஊதாமல் வெடி கிடையாது. உள்ளே ஒரு ஆள் இருந்தாலும் ஊதக் கூடாது. குவாரியில் எந்த விதி மீறப்பட்டாலும் இது மட்டும் மீறப்படாது.

வேலை முடிந்தது. கடைசி நாள் காலையில் அறிக்கையை அனுப்பிவிட்டாள். பழங்காலச் சின்னம் எதுவும் இல்லை, விரிவாக்கத்துக்குத் தடை சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஆட்கள் கருவிகளை ஏற்றிக்கொண்டு வண்டியில் கிளம்பிப் போனார்கள். கூடாரத்தைப் பிரிக்க அவள் மட்டும் நின்றுகொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் சங்கு ஓடி வந்தான். முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா. அம்மாவுக்கும் போன் போட்டுட்டேன். அழுதுடுச்சு."

"எதுக்குடா அழணும்?"

"சந்தோசத்துலதான். இனிமே புது வீடு கட்டறப்ப மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரம் போடலாம்னு சொல்லுது."

துணியை மடித்தார்கள். கம்புகளைக் கட்டினார்கள். முளைகளை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். அடம்பிடித்த அந்த மூலை முளை வருவதற்கும் அடம்பிடித்தது. இருவரும் சேர்ந்து இழுத்ததில் அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேவிட்டாள். சிரித்துக்கொண்டே முளையைப் பார்த்தாள். அதன் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

சுண்ணாம்புக்கல் என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் தொட்டதும் தெரிந்துவிட்டது. கல் கனமாக இருக்கும், இது இல்லை. உடைந்த பக்கத்தில் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள் இருந்தன. அது எலும்பு.

"என்னக்கா?"

அவள் மூட்டை கட்டிய பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து, சிறு கரண்டியையும் பிரஷ்ஷையும் எடுத்தாள். குழியைச் சுற்றி மண்ணை வழித்தாள். கொஞ்ச நேரத்திலேயே ஒரு பலகைக் கல்லின் விளிம்பு தெரிந்தது. அன்று முளையைத் தடுத்த கல் அதுதான். நாலு பக்கமும் செதுக்கி வைத்த கல். அதற்குப் பக்கத்தில், கல் மூடாமல் விட்ட சந்தில், மண் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது.

முதலில் ஒரு பெரிய ஆளின் கை எலும்புகள். ஐந்து விரலும் கலையாமல் விரித்தபடி இருந்தன. அந்தக் கைக்கு அடியில் ஒரு சின்ன மண்டை ஓடு, அதை ஒட்டிச் சில பாசிமணிகளும் ஒரு மண் கிண்ணமும். பெரிய ஆள் சின்னதன் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தபடி படுத்திருந்தார். அந்தக் கையின் நடுவில், இரும்பு முளை போன வழியில், வட்டமாக ஒரு ஓட்டை. கையைத் துளைத்து, மண்டை ஓட்டையும் துளைத்து இறங்கியிருந்தது. உடைந்த விளிம்புகள் புத்தம் புது வெள்ளையாக இருந்தன.

இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒன்று கிடைக்காதா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். கிடைத்தால் ஆனந்தக் கூத்தாடுவேன் என்று நினைத்திருக்கிறாள். இப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இந்தத் தலைக்கு மேலே மேஜை போட்டுத்தான் தினமும் டீ குடித்தாள். இங்கே உட்கார்ந்துதான் அந்த அறிக்கையையே எழுதினாள்.

"அக்கா... இது ஆளா?"

"ஆமாடா."

"யாராவது கொன்னு புதைச்சுட்டாங்களா? போலீசுக்குச் சொல்லணுமா?"

"இல்லடா. இது ரொம்ப ரொம்பப் பழசு. இந்தப் பாசிமணியப் பாரு, சங்கைத் தேய்ச்சுப் பண்ணினது. இந்தக் கிண்ணம் கையாலயே பிசைஞ்சு வனைஞ்சது. சுண்ணாம்பு மண்ணுங்கறதால எலும்பு அப்படியே நின்னிருக்கு." அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல் கேட்டது. "மழையில நாம எதுக்காக இந்த இடத்தத் தேர்ந்தெடுத்தோமோ, அதுக்காகத்தான் அவங்களும் இங்க இருந்திருக்காங்க. சமமான இடம். காத்து அடிக்காது. தண்ணி நிக்காது. அவங்கதான் வெட்டிச் சமம் பண்ணியிருக்கணும். இது ஒண்ணோட நிக்காதுடா. அடியில இன்னும் இருக்கும்."

சங்கு எழுந்து நின்றான். மேட்டைப் பார்த்தான், கிரஷர் பக்கம் பார்த்தான். ஒருத்தரும் இந்தப் பக்கம் வரவில்லை.

"மூடிடலாம்க்கா."

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள்.

"மூடிடலாம். நீயும் பார்க்கல, நானும் பார்க்கல. காலையிலதான் ஒண்ணுமில்லன்னு எழுதி அனுப்பிட்ட. இப்ப இருக்குன்னா உன் வேலையும் போகும், எங்க வேலையும் போகும். செத்து எத்தனையோ ஆயிரம் வருஷமானவங்களுக்காக உசிரோட இருக்கறவங்க நடுத்தெருவுல நிக்கணுமா? நீயே சொல்லு."

அவன் சொன்னதில் தப்பு என்ன என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அம்மாவின் அழுகையும் போடாத அஸ்திவாரமும் கண் முன்னால் வந்தன. இத்தனை குழி தோண்டிவிட்டு இதை மட்டும் பார்க்காமல் விட்டாயா என்று சிரிக்கப் போகிற அலுவலகமும் வந்தது. மறைப்பானேன், அவள் கை தானாகவே ஒரு பிடி மண்ணை எடுத்தது. எடுத்து அந்தச் சின்னத் தாடையின் மேல் போடவும் செய்தது.

போட்ட மண் முழுக்க நிற்கவில்லை, பாதி சரிந்தது. தாடையில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பற்கள் தெரிந்தன. முன்னால் ஒரு பல் விழுந்த குழி, அதற்குள் புதுப் பல்லின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்ததோடு சரி, வளரவில்லை.

அவள் விரைந்து அந்த மண்ணைத் துடைத்தாள். "முடியாதுடா. நான் சொல்லத்தான் போறேன்."

"அப்போ எங்க குவாரிக்கு நீதான் சங்கு ஊதப் போற."

"என்னை என்னடா பண்ணச் சொல்ற?"

அவன் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முளையை எடுத்து அதன் நுனியைப் பார்த்தான். "அன்னைக்கு அடிச்சது நான்தான், இல்ல?"

"நீ அடிச்ச. நான் பிடிச்சுக்கிட்டேன்."

முளையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். கையை இரண்டு தடவை சட்டையில் துடைத்தான். வெடி நேரம் நெருங்கிவிட்டது. மேட்டை நோக்கி நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, வேறு ஏதாவதா என்று அவன் முதுகைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

கூடாரத் துணியை எடுத்துக் குழியின் மேல் விரித்தாள். ஓரங்களில் கல் வைத்தாள். பதுங்கு அறைக்கு ஓடினாள். மேனேஜருக்குப் போன் செய்யலாம் என்றால் வெடி நேரத்தில் போனை எல்லோரும் அணைத்து வைத்திருப்பார்கள், அதுவும் விதி. வாக்கி டாக்கிதான் இருந்தது. அதில் சொன்னால் குவாரி முழுக்கக் கேட்கும். தம்பியோடு வேலை செய்கிறவன் ஒவ்வொருத்தனும் கேட்பான். அவர்கள் வீட்டு அடுப்பையும் சேர்த்து அணைக்கப் போகிற வார்த்தை அது. வாக்கி டாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கிழக்கு முனை?" மேனேஜர் ஆரம்பித்தார்.

"ஆள் இல்லை."

"சரி சரி. கிரஷர்?"

"ஆள் இல்லை."

"சரி சரி. கூடாரம்?"

தினமும் யோசிக்காமல் சொல்லும் பதில் தொண்டை வரைக்கும் தயாராக வந்து நின்றது. அத்தனை நாளும் அதையேதான் சொன்னாள். அத்தனை நாளும் பொய். காலையில் எழுதி அனுப்பியதும் அதே பொய். பொத்தானில் கட்டைவிரல் இருந்தது, அழுத்த வரவில்லை.

"கூடாரம்? மேடம், கேக்குதா?"

வேறொரு குரல் குறுக்கே வந்தது. "சார், சங்கு பேசறேன். கூடாரத்துல ஆள் இருக்கு."

"யாரது இந்த நேரத்துல? உடனே வெளிய வரச் சொல்லு."

"அவங்களால வர முடியாது சார். மண்ணுக்கடியில ரெண்டு பேர் இருக்காங்க. ரொம்ப காலமா இருக்காங்க. ஒண்ணு சின்னப் புள்ள சார், எம் பொண்ணு வயசுதான் இருக்கும், இப்பத்தான் முன்பல்லு விழுந்திருக்கு. கூடார முளைய அது தலையில நான்தான் அடிச்சேன். எனக்குத் தெரியல சார். சத்தியமாத் தெரியல."

அவன் குரல் உடைந்ததை எல்லோரும் கேட்டார்கள். கிழக்கு முனையும் கேட்டது, கிரஷரும் கேட்டது. மேனேஜர் இந்தத் தடவை சரி சரி என்று சொல்லவில்லை.

அவர் அவளைத்தான் கூப்பிட்டார். "மேடம், இவன் என்ன உளர்றான்? ஒண்ணுமில்லன்னு நீங்கதான காலையில எழுதிக் குடுத்தீங்க?"

இந்த முறை அவள் விரல் அழுத்தியது. "எழுதிக் குடுத்தேன் சார். தப்பா எழுதிட்டேன். உங்க நிலம் முழுக்கத் தோண்டிப் பார்த்தேன். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்தை மட்டும் பார்க்கல. இவன் சொல்றது அத்தனையும் நிஜம்."

அவள் பதுங்கு அறையின் துவாரம் வழியாக மேட்டைப் பார்த்தாள். தம்பி இரண்டு கையையும் தொங்கவிட்டபடி சைரனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்குச் சைரன் ஊதவேயில்லை.